செங்கலடியில் இருந்து நுவரெலியாவுக்கு: மலையும் குளிரும் காபரேற்றரும்

7 ஜனவரி 2024

ஆரையம்பதித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, பொங்கல் லீவுக்கு நுவரெலியா போறம். மேல காத்து மெல்லிசு, எஞ்சின் இழுக்காது, பெரிய மெயின் ஜெட் போட்டுக்கொண்டு போ எண்டு ஒருத்தர் சொன்னார். எத்தினையாம் நம்பர் போடுற?"

போட வேண்டாம் தம்பி. காபரேற்றர் என்பது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான், ஜெட் என்பது அதற்குள் பெற்றோல் வருகிற சின்ன ஓட்டை உள்ள பித்தளைத் துண்டு. காற்று மெல்லிசு என்றது சரி. அதற்காகப் பெரிய ஜெட் போடச் சொன்னதுதான் தலைகீழ். எஞ்சின் இழுக்காததற்குக் காரணம் பெற்றோல் காணாமை இல்லை, காற்றுக் காணாமை. ஏற்கனவே குறைந்த காற்றுக்குள் இன்னும் பெற்றோலை ஊற்றினால் பிளக் கறுக்கும், சைலன்சர் கரும்புகை கக்கும், இருக்கிற இழுவையும் போய்விடும். மலைக்குப் போகிற வண்டிக்கு ஜெட்டை மாற்றுவதென்றால் சின்னதாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று நாள் போய்வருகிறவருக்கு அதுவும் தேவையில்லை.

ஏயார் பில்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அது போதும்.

8 ஜனவரி 2024

"அது எப்படி, காற்றுக் குறைந்தால் பெற்றோலும் சேர்ந்து குறையும்தானே? காபரேற்றர் காற்றுப் போகிற வேகத்தில்தானே பெற்றோலை உறிஞ்சுகிறது?" என்று இன்னொருவர். நல்ல கேள்வி. இதற்குக் கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டும்.

நுவரெலியா கடல்மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர். மட்டக்களப்பில் காற்றழுத்தம் 1,010 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருந்தால் அங்கே 815 அளவில் இருக்கும். ஆனால் அழுத்தத்தை மட்டும் பார்த்தால் காணாது, வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். குளிர்ந்த காற்று செறிவானது. நம்முடைய 30 பாகையையும் அங்கத்தைய 15 பாகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரு லீற்றர் காற்றின் எடை இங்கே இருப்பதைவிட ஏறக்குறைய 15 வீதம் குறைவு. விடியப்புறம் 5 பாகைக்கு இறங்கினால் 12 வீதம்தான் குறைவு. உயரம் பறித்ததில் ஒரு பங்கைக் குளிர் திருப்பித் தந்துவிடுகிறது.

இப்போது பெற்றோல். காற்றின் எடை 15 வீதம் குறையும்போது ஜெட்டால் வருகிற பெற்றோலும் குறைகிறது என்பது உண்மை. ஆனால் 15 வீதம் குறைவதில்லை. காற்றின் செறிவு எவ்வளவு குறைகிறதோ அதன் வர்க்கமூலத்தின்படிதான் பெற்றோல் குறையும், அதாவது 8 வீதம் அளவு. மிச்சம் எங்கே போகிறது? கலவைக்குள்தான். கலவை 8, 9 வீதம் கொழுத்துவிடும், அதாவது காற்றின் அளவுக்குப் பெற்றோல் கூடிவிடும். கீழே முழு அக்சிலேற்றரில் 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்று ஓடின எஞ்சின், மேலே 12க்குக் கிட்ட ஒன்று என்று ஓடும். ஓடும், ஆனால் சோம்பலாக.

இன்னொன்றும் இருக்கிறது. ஜெட்டை எவ்வளவு சரியாக வைத்தாலும் காற்றுக் குறைந்ததால் போன 15 வீத இழுவை திரும்பி வராது. ஜெட் மாற்றினால் புகை போகும், பெற்றோல் மிச்சமாகும், எஞ்சின் சீராக ஓடும். அவ்வளவுதான். நூறு சீசீ வண்டியில் இரண்டு பேர் ஏறிக்கொண்டு நுவரெலியாவுக்குக் கிட்ட இருக்கிற ஹக்கலை ஏற்றத்தில் நாலாம் கியர் எதிர்பார்க்கக் கூடாது.

8 ஜனவரி 2024, இரவு

பாதை கேட்டவர்களுக்கு: ஏ5 வீதி பேராதனையில் தொடங்கி, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா எல்லாம் கடந்து எங்கள் செங்கலடிச் சந்தியில்தான் முடிகிறது. ஒரே ரோடு. கரடியனாறு, புல்லுமலை தாண்டும் வரை எஞ்சினுக்கு வித்தியாசமே தெரியாது. பிபிலைக்கு அங்கால்தான் ஏற்றம். பதுளை 680 மீற்றர் அளவு உயரம், அதுவரை எந்த வண்டியும் முறைப்பாடு இல்லாமல் போக வேண்டும். பதுளைக்கு முன்னமே உங்கள் வண்டி திணறினால் அது மலையின் குற்றம் இல்லை, வண்டியின் குற்றம்.

11 ஜனவரி 2024

காபரேற்றரில் கலவையைக் கூட்டிக் குறைக்கிற ஸ்குரூவை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரே பதில் சொல்ல முடியாது. ஸ்குரூ எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

காபரேற்றரில் ஏயார் பில்டர் பக்கமாக அந்தச் சின்ன ஸ்குரூ இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் காற்றுக் குறையும், கலவை கொழுக்கும். எஞ்சின் பக்கமாக இருந்தால் அது பெற்றோலைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் பெற்றோல் குறையும், கலவை மெலியும். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் செய்ததை அப்படியே உங்கள் வண்டியில் செய்தால் நேர்மாறாகப் போவது இதனால்தான்.

மலைக்கு மெலிய வைக்க வேண்டும். கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகி, எஞ்சின் சத்தம் ஏறி சீராக நிற்கிற இடத்தில் விடுங்கள். எஞ்சின் சூடாகின பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். திருக முன்னம், முழுக்க உள்ளே போக எத்தனை சுற்று என்று எண்ணி, பெற்றோல் டாங்கிக்குக் கீழே பேனையால் எழுதி வையுங்கள். ஊர் திரும்பியதும் அந்த எண்ணிக்கைக்கே கொண்டுவரலாம்.

இந்த ஸ்குரூ வேலை செய்வது ஐட்லிலும் (அக்சிலேற்றர் கொடுக்காமல் எஞ்சின் ஓடுகிற நிலை) கொஞ்சம் அக்சிலேற்றர் திறந்த நிலையிலும்தான். அரைவாசி திறந்தால் நீடில் (அக்சிலேற்றரோடு ஏறி இறங்கிப் பெற்றோல் வழியைத் திறந்து மூடுகிற ஊசி), முழுக்கத் திறந்தால் மெயின் ஜெட். ஐட்லில் நிற்காத வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றுவதும், ஏற்றத்தில் இழுக்காத வண்டிக்கு ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருப்பதும் வீண் வேலை.

நீடில் பற்றி ஒரு வரி: அதன் தலைப்பக்கம் இருக்கிற கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றினால் நீடில் கீழே இறங்கும், கலவை மெலியும்.

17 ஜனவரி 2024

ஆரையம்பதித் தம்பி போய்விட்டு வந்துவிட்டார். வண்டியையும் இங்கே கொண்டுவந்தார். "ஜெட் மாத்தாமத்தான் போன நான், ஆனாலும் வெலிமடைக்கு மேல புகை, ஐட்ல் நிக்கல்ல, பிளக்கையும் ரெண்டு தரம் கழட்டித் துடைச்ச" என்கிறார். போக முன்னம் ஏயார் பில்டர் பார்த்தீர்களா என்றால், பார்த்தாராம், "தட்டிப் போட்ட".

இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். இங்கே வருகிற "மலைக் கோளாறு" வண்டிகளில் பெரும்பாலானவை இந்த மாதிரித்தான்.

பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். கடற்கரை ரோட்டு மணலும் எண்ணெயும் சேர்ந்து ஸ்பொஞ்ச் முழுக்க ஒரு தோல் மாதிரிப் படிந்திருந்தது. தட்டினால் போகிற அழுக்கு இல்லை அது. மண்ணெண்ணெயில் கழுவி, பிழிந்து, காயவிட்டு, எஞ்சின் ஒயில் கொஞ்சம் தடவிப் போட வேண்டும். அடைபட்ட பில்டரோடு கீழே ஓடும்போதே கலவை கொழுத்திருக்கும், ஆனால் நமக்குத் தெரியாது. மேலே போனதும் மலை இன்னொரு 8 வீதத்தைச் சேர்க்கிறது. அப்போதுதான் வெளியே தெரிகிறது.

அடுத்து காபரேற்றரின் கீழ்க்கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் தண்ணீர், பெற்றோலோடு கலக்காமல் உருண்டு உருண்டு ஓடுகிறது. கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளைப் பொடி, அலுமினியம் தண்ணீரில் அரித்துக் கழன்ற பொடி. மழை மாதங்களில் வண்டி வெளியே நிற்கிறது, டாங்கி மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறது, தண்ணீர் இறங்கியிருக்கிறது. வாவிக் கரையில் வீடு இருக்கிறவர்களுக்கு இது வருடா வருடம் நடக்கிற விஷயம்.

பிறகு நீடிலை உருவினேன். நீடில் போய்வருகிற பித்தளைக் குழாயின் வாயை நகத்தால் தடவினால் ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவாகிவிட்டது. நீடிலிலும் ஒரு இடத்தில் பளபளப்பான வளையம். வண்டி அதிகமாக ஓடுகிற அக்சிலேற்றர் நிலையில்தான் அந்த வளையம் விழும். நீடிலுக்கும் குழாய்க்கும் இடைவெளி கூடினால் நடு அக்சிலேற்றரில் பெற்றோல் அளவுக்கு மிஞ்சி வரும். இதை ஜெட் மாற்றிச் சரிசெய்ய முடியாது. நீடிலும் குழாயும் சேர்த்து மாற்ற வேண்டும்.

மூன்று குறையும் கொழுக்க வைக்கிற பக்கம்தான். மலை நாலாவது ஆள்.

18 ஜனவரி 2024

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு ஏறாவூரில் இருந்து ஒருவர், தன்னுடைய ஜெட்டை ஊசியால் குத்திச் சுத்தம் செய்த பிறகுதான் பெற்றோல் குடிக்கத் தொடங்கியது என்கிறார். குடிக்கும்தான்! ஜெட் மெல்லிய பித்தளை. சில கம்பெனிகள் அந்த ஓட்டையின் விட்டத்தையே நம்பராகப் போடுகின்றன, 100 என்றால் ஒரு மில்லிமீற்றர். ஊசி ஒரு தரம் உரசினாலே 100 என்றது 104 ஆகிவிடும். நாலு நம்பர் கூடினால் பெற்றோல் 8 வீதம் கூடும். நுவரெலியாவுக்கே ஏறாமல் நுவரெலியாக் கோளாறை வாங்கிக்கொண்ட கதை.

தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) பாவியுங்கள். தூண்டிலுக்குக் கட்டுகிற மெல்லிய தங்கூசியை ஒரு சாண் வெட்டி ஜெட்டுக்குள்ளால் இழுத்தால் அழுக்கு வரும், பித்தளை தேயாது. நம்முடைய ஊரில் எந்த வீட்டிலும் இருக்கிற சாமான். அப்புறம் காற்றால் ஊதி, ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

29 ஜனவரி 2024

கல்முனையில் இருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) எழுதியிருக்கிறார். காலையில் ஹக்கலைப் பக்கம் மூடுபனிக்குள்ளால் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டு போகும்போது எஞ்சின் மெல்ல மெல்லத் தணிந்து நின்றுவிட்டதாம். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து உதைத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறதாம். இரண்டு மெக்கானிக் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை. "ஜின் வேலையோ தெரியா" என்று அவர் வீட்டில் சொல்லிச் சிரித்தார்களாம்.

காக்கா, எனக்கு இது ஐஸ் பிடித்த கேஸ் போலத்தான் தெரிகிறது. பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கிற சூட்டை எடுத்துக்கொள்ளும். கையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். காபரேற்றரின் தொண்டைக்குள் இதே வேலை விடாமல் நடக்கிறது. உள்ளே வருகிற காற்றைவிட 20 பாகை வரை கூடக் குறையலாம். வெளியே 10 பாகை, காற்று முழுக்க ஈரம் என்றால் தொண்டைக்குள் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும், ஈரம் ஐஸாகிக் காற்று வழியை அடைக்கும். எஞ்சின் நின்றதும் அதன் சூடு காபரேற்றருக்கு ஏறி ஐஸ் கரைகிறது. நீங்கள் தேத்தண்ணி குடித்த நேரம் அதற்குக் காணும். மெக்கானிக் கையில் போகும்போது ஐஸ் இருக்காது, என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?

மட்டக்களப்பு, கல்முனையில் இது நடக்கவே நடக்காது, ஆகவே நம்முடைய ஆட்களுக்குப் பழக்கமில்லை. சின்ன விமானங்களில் இதற்கென்றே காபரேற்றருக்குச் சூட்டுக் காற்றுத் திருப்புகிற கைபிடி வைத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: நிற்பாட்டி அஞ்சு பத்து நிமிசம் விடுங்கள். சோக் (குளிரில் ஸ்டார்ட் பண்ணக் கலவையைக் கொழுக்க வைக்கிற லீவர்) போட வேண்டாம், ஸ்குரூவைத் தொட வேண்டாம். டாங்கியில் தண்ணீர் இல்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், தண்ணீர் இருந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரித்தான் நிற்கும். ஆனால் தண்ணீர்க் கோளாறு கல்முனையிலும் வரும், ஐஸ் கோளாறு வராது. வித்தியாசம் பிடிக்க அது ஒன்றே போதும்.

2 பெப்ரவரி 2024

ஐஸ் பற்றி எழுதினதும் கனடாவில் இருக்கிற அக்காவின் மகன் கூப்பிட்டான். அவன் அல்பேர்ட்டாவில் பழைய ஸ்னோமொபில் ஒன்று வாங்கியிருக்கிறான், பனிக்கு மேலால் ஓடுகிற வண்டி, டூ ஸ்ட்ரோக், மிக்குனி கம்பெனியின் இரண்டு காபரேற்றர். "மாமா, இங்க மைனஸ் 25, அப்ப ஐஸ் இன்னும் மோசமா வருமா?"

வராது, குறையும். அவ்வளவு குளிரில் காற்றில் ஈரமே இருக்காது. ஐஸ் பிடிக்க மிகவும் வசதியான இடம் பூச்சியத்துக்கும் பதினைந்துக்கும் இடையில், ஈரக் காற்று. நுவரெலியாக் காலை நேரம் அச்சொட்டாக அதுதான்.

அவனுக்கு வேறு ஆபத்து. நமக்கு வெப்பநிலை 30இல் இருந்து 5க்கு இறங்கினாலே பெரிய விஷயம். அவனுக்கு 30 என்பது கோடை, ஓட்டுகிற நேரம் மைனஸ் 30 வரை இறங்கும். அதே உயரத்தில் அந்தக் காற்று 25 வீதம் செறிவானது, கலவை 10 வீதத்துக்கு மேல் மெலியும். ஆகவே குளிருக்குப் பெரிய ஜெட், உயரத்துக்குச் சின்ன ஜெட். பழைய ஸ்னோமொபில்களுக்கு ஒரு பக்கம் உயரமும் மறுபக்கம் வெப்பநிலையும் போட்ட அட்டவணை இருக்கும், இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் ஜெட் நம்பர் இருக்கும். அவனுடைய வண்டியின் மூடிக்கு உள்பக்கம் அது இன்னும் ஒட்டியபடி இருக்கிறதாம், படம் அனுப்பினான். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று நான் ஜனவரியில் கணக்குப் போட்டதைத்தான் அவர்கள் கட்டம் கீறி வைத்திருக்கிறார்கள்.

அவனுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று. 2,000 மீற்றர் மலைக்கு என்று சின்ன ஜெட் போட்டு ஓடிவிட்டு, மாற்றாமல் சமவெளிக்கு வந்து, அங்கே குளிரும் கூடிய நாளில் முழு அக்சிலேற்றர் கொடுக்கக் கூடாது. உயரம் குறைந்ததாலும் கலவை மெலியும், குளிர் கூடியதாலும் மெலியும். இரண்டும் ஒரே பக்கம். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழ நேரமெடுக்காது.

3 பெப்ரவரி 2024

மேலே சொன்ன இறக்கத்துக் கதை நமக்கும் பொருந்தும். பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டோ, ஸ்கூட்டர் வைத்திருக்கிறவர்கள் கவனமாக வாசியுங்கள். பெற்றோலோடுதான் ஒயிலும் போகிறது. லுணுகலை இறக்கத்தில் அக்சிலேற்றரை மூடி கியரில் விட்டால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், பெற்றோல் போகாது, ஒயிலும் போகாது. பிஸ்டன் வறண்டு பிடிக்கும். இடையிடையே கிளச்சைப் பிடித்து அக்சிலேற்றரை ஒரு தரம் திறந்து மூடுங்கள். அதற்காக நியூற்றலில் இறங்கக் கூடாது, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.

பெற்றோலோடுதான் ஒயில் போகிறது என்பது வாவியில் போட் எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த பாடம். ரோட்டில் ஓட்டுகிறவர்கள்தான் மறக்கிறார்கள்.

20 பெப்ரவரி 2024

"இப்ப எல்லாம் இன்ஜெக்சன்தானே, காபரேற்றர் பற்றி ஏன் இவ்வளவு?" என்று ஒருவர். இன்ஜெக்சன் என்றால் காபரேற்றர் இல்லாமல், பெற்றோலை அளந்து பீய்ச்சுகிற முறை. இந்தியாவில் 2020 ஏப்ரலில் புதிய புகைச் சட்டம் வந்ததும் அங்கே புது வண்டிகளில் பெரும்பாலானவை இன்ஜெக்சனுக்கு மாறின. நம்முடைய நாட்டில் அதற்கு ஒரு மாதம் முன்னமே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஆகவே இங்கே ரோட்டில் நிற்கிற மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பான்மை காபரேற்றர்தான், இன்னும் கனகாலத்துக்கு அப்படித்தான். இருக்கிறதைச் சரியாக வைத்திருக்கத் தெரிய வேண்டும்.

இன்ஜெக்சன் வண்டிக்கு உள்ளே அழுத்தம் பார்க்கிற சென்சர் உண்டு, பெற்றோலை அதுவே குறைக்கும். இடைப்பட்ட ரகமும் இருக்கிறது: கேபிள் நேரடியாக ஸ்லைடை (காற்று வழியைத் திறந்து மூடுகிற துண்டு) தூக்காமல், உறிஞ்சலால் ஸ்லைட் தானாக ஏறுகிற காபரேற்றர். ரப்பர் தோல் ஒன்று உள்ளே இருக்கும். அது உயரத்தைக் கொஞ்சம் தானே சமாளிக்கும். ஆனால் அந்த ரப்பரில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஏற்றத்தில் படுத்துவிடும்.

10 மார்ச் 2024

ஜனவரியில் மெயின் ஜெட்டைத் தொட வேண்டாம் என்று எழுதியது போய்வருகிறவர்களுக்கு. வெலிமடைப் பக்கம் மாற்றலாகிப் போயிருக்கிற களுவாஞ்சிகுடி ஆசிரியை ஒருவர், அங்கேயே ஸ்கூட்டி ஓட்டுகிறவர், தனக்கும் அதே பதிலா என்று கேட்டிருந்தார். யோசித்துப் பார்த்தேன். இல்லை டீச்சர், உங்களுக்குப் பதில் வேறு.

வருடக் கணக்கில் மேலே ஓடுகிற எஞ்சின் கொழுத்த கலவையில் ஓடினால் பெற்றோல் செலவு மட்டும் இல்லை. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், பிஸ்டன் ரிங் தேயும், எஞ்சின் ஒயிலில் பெற்றோல் மணக்கும். நுவரெலியா உயரத்துக்கே போனாலும், விட்டத்தால் நம்பர் போட்ட ஜெட் என்றால் 100க்குப் பதில் 96 போதும். விட்டம் 4 வீதம் குறைந்தால் பரப்பு 8 வீதம் குறைகிறது, கணக்குச் சரி. வெலிமடை அவ்வளவு உயரம் இல்லை, உங்களுக்கு 98 போட்டுப் பார்க்கலாம். மிக்குனியின் சில ஜெட்டுகளில் நம்பர் விட்டம் இல்லை, பெற்றோல் பாய்கிற அளவு. அதில் 100க்கு 92.5 தான் அதே குறைப்பு. கடையில் கேட்க முன்னம் பழைய ஜெட்டைக் கையில் கொண்டு போங்கள்.

மாற்றின பிறகு பிளக்கைப் பாருங்கள். நீண்ட ஏற்றத்தில் அக்சிலேற்றர் கொடுத்தபடியே கிளச் இல்லாத ஸ்கூட்டியில் சாவியை மூடி ஓரமாக நிறுத்த வேண்டும், பின்னால் வாகனம் இல்லாத இடத்தில் மட்டும். பிளக்கின் நடுப் பீங்கான் மண்ணிறமாக இருந்தால் நல்லது. வெள்ளை வெளேர் என்றால் மெலிந்துவிட்டது, பழைய ஜெட்டுக்குத் திரும்புங்கள்.

லீவுக்கு ஊருக்கு ஸ்கூட்டியிலேயே இறங்குவதானால் ஜெட்டையும் மாற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

6 ஏப்ரல் 2024

சித்திரை வருடப் பிறப்புக்கு மேலே போகிறவர்கள் நேற்றில் இருந்து வரிசையாக வருகிறார்கள். ஏப்ரல் நுவரெலியாவின் சீசன், பூக்காட்சி, மஹாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் எல்லாம் அப்போதுதான். பந்தயக்காரர்கள் அங்கே போய் ஜெட் மாற்றுவதைப் பார்த்துவிட்டு வந்து "எங்களுக்கும் மாத்துங்க" என்று கேட்க வேண்டாம். அவர்கள் கடைசி ஒரு வீதத்துக்காக மாற்றுகிறார்கள்.

மகா ஓயாவில் இருந்து ஓட்டோக்காரர் ஒருவர் 95 ஒக்டேன் அடித்தால் ஏற்றத்தில் இழுக்குமா என்று கேட்டார். இழுக்காது. ஒக்டேன் கூடிய பெற்றோல் எஞ்சின் தட்டுகிற சத்தத்தைத்தான் தடுக்கும். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் சிலிண்டருக்குள்ளும் அழுத்தம் குறைவு, தட்டுகிற சத்தம் வருவது கீழே இருப்பதைவிடக் குறைவு. 92 தாராளமாகப் போதும். அந்தக் காசுக்குப் புதுப் பிளக் ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள்.

காலையில் மேலே ஸ்டார்ட் பண்ணும்போது: சோக் பாதி, எஞ்சின் பிடித்ததும் அரை நிமிசத்துக்குள் எடுத்துவிடுங்கள். சூடான எஞ்சினுக்குச் சோக் வேண்டவே வேண்டாம். ஐட்ல் கொஞ்சம் குறைவாக நிற்கும், அதற்கு ஐட்ல் ஸ்குரூவை (வேகத்தைக் கூட்டுகிற ஸ்குரூ, கலவை ஸ்குரூ இல்லை) மட்டும் ஒரு பொட்டு ஏற்றுங்கள்.

வண்டி காட்ட வருகிறவர்கள் புதன்கிழமைக்குள் வாருங்கள், எஞ்சின் ஆறின நிலையில் வாருங்கள். ஓடின சூட்டோடு கொண்டுவந்தால் ஆறும் வரை கிண்ணத்தைக் கழற்ற மாட்டேன்.